வாஷர் போன ஜெபம்

குழாய் வேலைக்குக் கையைவிடக் காதுதான் முக்கியம் என்பார் அவர். ஸ்பேனரின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். "இங்க இல்ல, அந்த ஆணிக்குக் கீழ" என்பார். அங்கே உடைத்தால் கசிவு இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் காது அவரைக் கைவிட்டதில்லை. தன் சொந்த வீட்டுக்குள் மட்டும் அது எப்படிக் கேட்காமல் போயிற்று என்பதுதான் இந்தக் கதை.

நல்ல மனிதர். பழைய வால்வைக் கழுவிப் புதுசு என்று மாட்டிவிடுகிற ஆட்கள் உள்ள தொழிலில், கழற்றியதை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவார். காலை ஐந்து மணிக்குக் கட்டிலருகே முழங்கால் போடுவார். அந்த இடத்தில் சிமென்டுத் தரை இரண்டு வட்டமாக வழவழவென்று ஆகியிருந்தது. அன்றைக்கு எந்த வீட்டில் வேலையோ, அந்த வீட்டாருக்காக ஜெபித்துவிட்டுத்தான் பையை எடுப்பார்.

சபையில் வாலிபர்கள் அவரை 'வாஷர் அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். தொழிலை வைத்துப் பாசமாக வைத்த பெயர் என்று நினைத்து அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். உண்மை வேறு. அவர் ஜெபத்தை ஆரம்பித்தால் வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி, எவ்வளவு திருகினாலும் நிற்காதாம். இது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் ஐந்து பேர். அவர், மனைவி, அச்சகத்தில் வேலை பார்க்கும் மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி. மருமகள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போகிறவள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அவள் வந்து கைகால் கழுவியதும், ஏழரை மணிக்கு முன்னறையில் குடும்ப ஜெபம். பிறகுதான் சாப்பாடு. அது அவர் கல்யாணமான நாளிலிருந்து நிற்காமல் நடந்துவரும் ஜெபம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஜெபம் உலக நாடுகளில் தொடங்கும். சபைக்கு வரும். உறவுக்காரர்களின் முட்டிவலி, சர்க்கரை எல்லாம் வரும். கடைசியில் வீட்டுக்குள் வரும்போது குரல் கொஞ்சம் ஏறும்.

"ஆண்டவரே, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மகளை மன்னியும். போன வாரமும் அப்படித்தான் நடந்தது, நீர் அறிவீர். தண்ணீரை வீணாக்கும் கைகளுக்குச் சிக்கனத்தைக் கற்றுத் தாரும். ஆராதனைக்குத் தாமதமாய் வரும் கால்களைத் தீவிரப்படுத்தும்."

சிலசமயம் மருமகளின் பெயரைச் சொல்லியே ஜெபிப்பார். பெயரைச் சொல்லி ஜெபித்தால் ஆண்டவருக்கு அன்பாகப் போய்ச் சேரும் என்று அவர் நம்பினார். ஜன்னல் திறந்திருக்கும். மறுநாள் காலை மாடிவீட்டம்மா படியில் அவளைப் பார்த்து, "என்னம்மா, நேத்தும் பால் பொங்கிருச்சாமே?" என்று கேட்பாள்.

மனைவிக்கு நாக்கு கூர்மை. ஒருமுறை தனியாக அவரிடம், "என்னங்க, அவகிட்ட சொல்லவேண்டியத அவகிட்ட சொல்லுங்க. ஆண்டவர எதுக்கு நடுவுல தபால்காரனாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"நான் யாரையும் திட்டலையே. ஜெபந்தானே பண்றேன்" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

பாலும் போனும் மட்டும் என்றால் மருமகள் தாங்கியிருப்பாள். போன வருஷம் அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். இரண்டு மாதத்தில் கலைந்துவிட்டது. மாமியாரிடமும் புருஷனிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவருக்கு மனைவி சொல்லித் தெரிந்தது. அவருக்கு அடக்கமாட்டாத துக்கம். அந்த வாரம் அவர்கள் வீட்டிலேயே நடந்த வீட்டுக்கூட்டத்தில், இருபது பேருக்கு மேல் பாயில் உட்கார்ந்திருக்க, அவர் கண்ணீரோடு ஜெபித்தார். "கர்ப்பத்தின் கனியை இழந்த எங்கள் மகளைத் தேற்றும் ஆண்டவரே. பஸ்ஸில் அலைந்து உடம்பைக் கவனியாமல் விட்டதை மன்னியும்."

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஆறுதலுக்கு அழப் போகிறாள் என்று நினைத்தார். அன்றிலிருந்து அவள் அவரிடம் மரியாதையாக மட்டும் பேசினாள். அவருக்கு அதுவும் தெரியவில்லை. மரியாதை கூடியிருக்கிறது, ஜெபம் வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

சபையின் வாசலருகே ஒரு ஜெபப் பெட்டி உண்டு. பெயர் போடாமல் விண்ணப்பத்தை எழுதி உள்ளே போடலாம். சனிக்கிழமை காலை மூன்று பேர் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவர் மட்டும்தான் வாசிக்கவேண்டும். அடுத்தவரிடம், சொந்தப் புருஷன் பெண்டாட்டியிடம்கூட, அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. பதில் கிடைத்தவர் நன்றிச் சீட்டு போடும்வரை தினமும் ஜெபிக்கவேண்டும். அந்த மூன்று பேர் யார் என்பது சபைக்குத் தெரியாது. போதகருக்கு மட்டும் தெரியும்.

மூவரில் ஒருவர் ஊரைவிட்டுப் போனதால் அந்த இடத்துக்கு இவரைக் கேட்டார்கள். வேலை கேட்டு நின்றவனுக்கு உத்தரவு கிடைத்த மாதிரி ஒத்துக்கொண்டார். சபையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சனிக்கிழமை போவது அவர் வழக்கம் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்ற இரண்டு பேர் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவும் ஒரு தையற்காரரும். போதகர் முன்னால் நின்று, "ஆண்டவர் சாட்சியாக யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமையே அவர் கைக்கு ஏழு சீட்டு வந்தது. தொட்டியடியில் ஏணியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பரீட்சை. வேலை. அம்மாவின் கண் ஆபரேஷன். ஐந்தாவது சீட்டு ஒரு பரிசோதனை நிலைய உறையின் கிழித்த துண்டு.

"ஒரு நாளாவது அழாமல் தூங்க வேண்டும். எங்களுக்குத் தனி வீடு கிடைக்க வேண்டும். மாமாவின் ஜெபத்தில் என் பெயர் வராமல் இருக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்."

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரோ ஒரு மாமா, பாவம், என்று. பிறகு 'அழாமல்' என்ற சொல்லில் அந்த 'ழ' கண்ணில் பட்டது. கீழே நீண்டு, இடதுபக்கம் வளைந்து, தூண்டில் முள் மாதிரி நிற்கும் 'ழ'. வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சாமான் பட்டியலில் 'வாழைப்பழம்' என்று தினமும் அவர் பார்க்கும் அதே 'ழ'.

ஏணியிலிருந்து இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சீட்டைச் சட்டைப்பையில், குழாய் மறைக்குச் சுற்றும் வெள்ளை டேப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஜெபிக்கப் பார்த்தார். "ஆண்டவரே, என் மருமகள்..." என்று ஆரம்பித்து நின்றார். பெயர் வரக்கூடாது என்பதுதானே விண்ணப்பம். "ஆண்டவரே, ஒரு மகள்..." என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? மன்னியும் என்று சொல்லி வந்த வாய், யாரை மன்னிக்கச் சொல்வது என்று தெரியாமல் திறந்தபடி நின்றது.

அன்று ஏழரை மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மருமகள் வழக்கம்போலச் சுவரோரம், மடியில் குழந்தை, தலை கவிழ்ந்து. அவள் கைவிரல்கள் சேலை நுனியை இறுக்கிப் பிடித்திருப்பதை அன்றுதான் பார்த்தார். அடி விழப்போகிறது என்று தெரிந்து நிற்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"ஆண்டவரே" என்றார். "ஆமென்" என்றார்.

மனைவி கண்ணைத் திறந்து, "என்னங்க, இன்னிக்கு லைன்ல தண்ணி வரலையா?" என்றாள். மகன் சிரித்துவிட்டான். மருமகள் சிரிக்கவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். புதன்கிழமைக் கூட்டத்தில் போதகர் ஜெபிக்கச் சொன்னபோது இரண்டே வரியில் முடித்தார். பின்னால் வாலிபன் ஒருவன் மெதுவாக, "அண்ணனுக்குப் புது வாஷர் போட்டாச்சுடா" என்றான். கசிவு கேட்கிற காது அல்லவா, கேட்டுவிட்டது. அப்போதுதான் தன் பெயரின் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் முழங்கால் வலிக்கக் காத்திருந்தார்கள் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

வாயை மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அது அப்படி நடக்கவில்லை.

ஒரு டீச்சர் வீட்டில் காலையில் நிரப்புகிற தொட்டி மத்தியானமே காலியாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டருக்கு முன்னால் குந்தினார்.

"எதுவும் திறக்காமலே இந்த முள்ளு சுத்துதுன்னா, உள்ள எங்கயோ போகுதுன்னு அர்த்தம் டீச்சர்" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று காலை எதுவும் பேசாமல் அவர் சாப்பிட்டபோது மனதுக்குள் ஓடினது ஞாபகம் வந்தது. துணியை உதறாமல் காயப்போட்டிருக்கிறாள். குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறாள். ஒரு ஸ்தோத்திரம் சொல்லாமல் செருப்பை மாட்டுகிறாள். ஒன்றையும் அவர் சொல்லவில்லை. ஒன்று விடாமல் எல்லாம் ஓடியிருந்தது.

"என்ன, பார்த்துக்கிட்டே இருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"சுத்துது டீச்சர்."

"அதான் நான் போன்லயே சொன்னேனே."

"ஆமா. ரொம்ப நாளா சுத்துதுபோல" என்றார் அவர்.

வெளிக்குழாயை நிறுத்துவது சுலபம். சுவருக்குள் ஓடுவதை எங்கே உடைத்து எடுப்பது? வாயை அடக்கினவன் பரிசுத்தமாய் இருக்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆண்டவர் மீட்டரைப் பார்க்கிறவர். அவரிடம் குழாயை மூடிக் காட்டி என்ன பயன்?

அன்று அவர் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தார். சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கிண்ணம் வைத்திருப்பாள் மருமகள். எட்டு மாதமாக அவளும் "மாமா, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பார்த்தவருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கிண்ணம் நிரம்பி வழிகிற தண்ணீரைத்தான் 'வீணாக்கும் கைகள்' என்று அவர் ஜெபத்தில் சொல்லிவந்தார். கழற்றிப் பார்த்தால் வாஷர் பாதியாய்த் தேய்ந்து, விரலில் கறுப்பாக ஒட்டியது. கால்மணி நேர வேலை.

அவர் மறையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது மருமகள் வந்தாள். அன்று அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள்.

"என்ன மாமா, இன்னிக்கு சீக்கிரம்?"

"குழாயச் சரிபண்ணேன்ம்மா."

அவள் திறந்து பார்த்தாள். மூடினாள். சொட்டவில்லை. "நல்லாருக்கு மாமா."

"எட்டு மாசமா நீ சொன்னது."

"பரவால்ல மாமா. உங்களுக்கு வெளிய வேலை இருக்கும்."

அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அம்மா, என் ஜெபத்துல ஏதாவது உனக்கு..."

அவள் கை குழாயின் மேலேயே நின்றுவிட்டது. "இல்ல மாமா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இல்லம்மா, நான் சில நேரம் அதிகமா..."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா மாமா?"

அவள் முகத்தில் பயம் இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் பெட்டிக்குள் போட்டது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உலகத்தில் அவள் நம்பிப் பேசின ஒரே இடம் அந்தப் பெட்டி. அதையும் அவரே பறித்ததாகிவிடும்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். அது பொய்யில்லை. ஆனாலும் விடாமல், "போன வருஷம் அந்த வீட்டுக்கூட்டத்துல..." என்று தொடங்கினார்.

"குட்டி அழற சத்தம் கேக்குது மாமா" என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை அழவில்லை. மாடிவீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அறைக்குள் மருமகள் தன் புருஷனிடம் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. "முன்னாடி ஜெபத்துல திட்டுவாரு. இப்ப ஜெபத்துலகூட என்னைச் சேர்க்கமாட்டேங்கறாரு. நான் என்னதான் பண்ணணும்?" கேட்கக்கூடாது என்று அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார்.

வாய் திறந்தாலும் காயம், மூடினாலும் காயம். காலை ஐந்து மணிக்கு வழவழத்த அந்த வட்டங்களில் முழங்கால் போட்டு, சீட்டில் இருப்பதை மட்டும் சொன்னார். "ஆண்டவரே, அந்த மகள் அழாமல் தூங்கட்டும். அவங்களுக்குத் தனி வீடு கொடும்." இரண்டாவது வரிதான் கஷ்டம். தன் வீடு காலியாகவேண்டும் என்று தானே கேட்பது. பேத்தியின் செருப்பு வாசலில் இருக்கக்கூடாது என்று கேட்பது. கேட்காமல் விட்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வாரம் ஒரு நாள் தவறாமல் கேட்டார்.

வாழ்நாள் முழுக்க அவர் கேட்டதில் பாதிக்குமேல் பதில் வராமல் கிடக்கிறது. மனைவியின் முட்டி இன்னும் வலிக்கிறது. இதை மட்டும் கர்த்தர் சீக்கிரமாகக் கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அப்பா, அவ வேலை பார்க்குற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு கிடைச்சிருக்கு. ஒரு பஸ்ஸும் வேண்டாம், நடந்தே போயிடலாம்."

"உனக்கு அச்சகம் தூரமாகுமேடா" என்றாள் தாய்.

"சமாளிச்சுக்குவேன்ம்மா."

தாய் அவரைப் பார்த்தாள். "என்னங்க, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இருன்னு சொல்லுங்க."

இரு என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். சட்டைப்பையில் சீட்டு இருந்தது. "நல்ல வீடுதானாப்பா? குழாயெல்லாம் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி தட்டை ஓசைப்பட வைத்துவிட்டு எழுந்தாள். "இவருக்குக் குழாய்தான்" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மத்தியானம் சாமான் வண்டி வந்தது. கட்டில், பீரோ, பேத்தியின் மூன்று சக்கர வண்டி எல்லாம் ஏறின. குளிர்பெட்டிக் கதவிலிருந்த பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. புறப்படும்போது மகன், "அப்பா, ஜெபம் பண்ணுங்க" என்றான். மருமகள் தலை கவிழ்ந்தாள். விரல்கள் சேலை நுனியைப் பிடித்தன.

"ஆண்டவரே, இவங்கள நல்லா வையும். ஆமென்."

பேத்தி நிமிர்ந்து, "அவ்ளோதானா தாத்தா?" என்றது. வண்டிக்காரர்கூடச் சிரித்தார். மருமகள் அவரை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை கேள்வியா வருத்தமா என்று அவருக்குத் தெரியவில்லை. "வரேன் மாமா" என்றாள். "வாம்மா" என்றார். கேட்கவேண்டிய மன்னிப்பை அப்போதும் கேட்கவில்லை. வண்டியோட்டி பெல்ட்டை மாட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. நன்றிச் சீட்டுகளை மட்டும் மூவரும் சத்தமாக வாசித்து, ஸ்தோத்திரம் சொல்லிக் கிழித்துப்போடுவது வழக்கம். கைக்கு வந்ததை அவர் பிரித்தார். தூண்டில் முள் மாதிரி அந்த 'ழ'.

"வாசிங்க பிரதர்" என்றார் நர்ஸம்மா.

வாசித்தார். "தனி வீடு கிடைத்தது. இப்போது அழாமல் தூங்குகிறேன். எனக்காக யார் ஜெபித்தீர்களோ, உங்களைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக."

"ஸ்தோத்திரம்" என்றார் தையற்காரர். "பாருங்க, யாரு பெத்த பிள்ளையோ. இதுக்கு ஜெபிச்சது யாரு, நீங்களா சிஸ்டர்?"

"எனக்கு இது வரலையே" என்றார் நர்ஸம்மா.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "தண்ணி திறந்துவிட்டுட்டு வந்துட்டேன், தொட்டி நிரம்பிருக்கும்" என்று எழுந்து போனார். ஏணியில் உட்கார்ந்து வெகுநேரம் இறங்கவில்லை. சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. அதற்காகவும் ஜெபித்துப் பார்த்தார்.

மகனும் மருமகளும் அதே சபைக்குத்தான் வருகிறார்கள். பேத்தி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளும். மருமகள், "நல்லாருக்கீங்களா மாமா?" என்று கேட்பாள். "இருக்கேன்ம்மா" என்பார். அவ்வளவுதான்.

நன்றிச் சீட்டு வந்தபின் அந்த விண்ணப்பத்துக்கு ஜெபிப்பதை நிறுத்திவிடலாம் என்பது பெட்டியின் ஒழுங்கு. அவர் நிறுத்தவில்லை. அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறார். குற்றம் எதுவும் சொல்லாமல், ஒரு நன்மையை மட்டும் கேட்கிறார். உள்ளே முள் சில நாள் நிற்கிறது, சில நாள் சுற்றுகிறது. சுற்றுகிற நாளில் அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறார்.

இப்போதும் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. இரண்டே பேர். மகன் பெயரைச் சொல்கிறார். பேத்தி பெயரைச் சொல்கிறார். மாடிவீட்டம்மாவையும் சொல்கிறார். பிறகு சற்று நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "ஆமென்" என்கிறார்.

நேற்றும் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "ஊர்ல உள்ள எல்லார் பேரையும் சொன்னீங்க. மருமக பேர மட்டும் விட்டுட்டீங்க. போன பிறகும் அந்தப் பிள்ள மேல உங்களுக்கு மனசு ஆறலையா? இவ்வளவு ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

வாக்குக் கொடுத்தவருக்கு அதைச் சொல்ல வழியில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், சொட்டாத அந்தக் குழாயை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.